இனித்த வெற்றிலை

மாணிக்கம்,

பிள்ளைகளின் பெருமையைச் சொல்லாமல் உன் அம்மாவுக்கு ஒரு கடிதமும் நகராது என்று நீ கேலி செய்வாய். அதனால் அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் அக்காள் பொன்னம்மாவின் மூத்தவன் தங்கராசு தந்தி அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். நாங்கள் இருக்கிற பாலோ ஸ்டேஷனின் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் யாரையும் மெச்சமாட்டார். அவரே நம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இவன்ர விரலிலை சரஸ்வதி இருக்கிறா" என்றாராம். அடுத்தவள் ராசாத்தி, பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்த துரைக்கு முன்னால் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலாக ஒப்பித்தாள். துரைக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கை தட்டினார். மூன்றாவது வாண்டு, சுல்தானின் பிறந்தநாளுக்கு நடந்த விளையாட்டில், சாக்கு ஓட்டத்தில் ஜெயித்து ஓர் எனாமல் குவளை வாங்கி வந்திருக்கிறான். தூங்கும்போதும் அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறான். கைக்குழந்தைக்கு இரண்டு மாதம். அதற்குள் தலை நிற்கிறது. அதையும் சாமர்த்தியமாகவே எழுதிக்கொள். உன் மகள் கமலம் கையெழுத்துக்கு முதல் பரிசு வாங்கினாள் என்று போன கடிதத்தில் இருந்தது. அதை நீ சொல்லியிருக்கவே வேண்டாம். அவள் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும் என்று எனக்கு ஏழெட்டு மாதமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கடிதத்தை உன் முகவரிக்கு அனுப்பாமல் பத்திரிகைக்கு அனுப்பினேன் என்று கோபித்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வருகிற கடிதத்தை நீ மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். வாசிப்பவளைப் பாதியில் நிறுத்தச் சொல்லலாம். ஆனால் உங்கள் பெயிண்டுக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை காலைத் தேநீருக்கு ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்தப் பழக்கம் இன்னும் நிற்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். ஒரு காலத்தில் அங்கே வாசித்தவளே நான்தான். நாகப்பட்டினத்தில் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் என்று அந்தக் கொட்டகையில் எனக்கு இருந்த மரியாதை, பிறகு எங்கேயும் இருந்ததில்லை. பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். கொட்டகை யாருடையது என்றும் சொல்லவில்லை. ஜொகூரில் வெள்ளைப் பெயிண்டு கலக்கிற தமிழர்கள் எத்தனையோ பேர். ஆனால் இது உன் கடிதம் என்று இரண்டாவது வரியிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவனும் தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொள்ளட்டும், கெட்டுப்போகாது.

நீ பிறந்து நடக்கத் தொடங்கிய சமயத்தில்தான் நாங்கள் அந்தக் கொட்டகைக்கு வந்தோம். தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு ஜொகூர் பாருவில் கடலோரம் வேலை என்றால் பட்டணத்துக்குக் குடியேறுகிற மாதிரி. ஓலைக் குடிசை இல்லை, பலகை வீடு. வீடு வேலையோடு கட்டினது. வேலை இருக்கும் வரை வீடு, வேலை போனால் அன்று மாலையே சட்டி பானையை எடுத்துக்கொள்ள வேண்டும். அது எங்களுக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. உடம்பில் பலம் இருக்கிறவனுக்கு வேலை ஏன் போகப்போகிறது? உன் அப்பா எண்ணெயில் வெள்ளை கலப்பார். நானும் இன்னும் மூன்று பெண்களும் வெள்ளை ஈயப் பொடியைக் கருங்கல் பலகையில் போட்டு, ஆளிவிதை எண்ணெய் விட்டு, குழவி மாதிரி ஒரு கல்லால் அரைப்போம். அம்மியில் அரைத்த கைக்கு அது ஒரு வேலையா? வெண்ணெய் போல வரும். உன் வயதுப் பிள்ளைகளைத் தூளியில் கட்டிப் போட்டுவிட்டு, பாடிக்கொண்டே அரைப்போம். வெயில் பட்டு அந்தப் பொடி காற்றில் மிதக்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

வெள்ளை நன்றாக அரைபட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. இன்றும் அதுதான் வழி என்று நீ சொல்லியிருக்கிறாய். பலகையில் விளக்குக் கரியால் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை அடிப்பார்கள். காய்ந்ததும் அதன்மேல் வெள்ளையைப் பூசி, சீன முதலாளி, நம் தவுக்கே, பத்தடி தள்ளி நின்று பார்ப்பார். கரி நிழலாகத் தெரிந்தால் மறுபடி அரைக்க வேண்டும். நான் அரைத்த வெள்ளை இரண்டு பூச்சில் கரியை விழுங்கிவிடும். "இந்தப் பொம்பள அரச்சது எமனையே மறச்சுடும்" என்று ஆட்கள் சொல்வார்கள். அதைக் கேட்டு நான் சிரித்தேன், மாணிக்கம். பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில் செய்த காரியம் ஒன்று சொல்கிறேன். ஒரு பொங்கலுக்கு, கல்லிடுக்கில் தங்கின பொடியைக் கூட்டி முந்தானையில் முடிந்து வந்து வாசலில் கோலம் போட்டேன். அரிசிமாவுக் கோலம் ஈர மண்ணில் மங்கிப்போகும். இது அப்படி இல்லை. கறுப்பு மண்ணே தெரியாமல், பால் ஊற்றின மாதிரி நின்றது. வரிசையில் இருந்த எட்டு வீட்டுப் பெண்களும் வந்து பார்த்தார்கள். அடுத்த வீட்டு அஞ்சலை மட்டும் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏண்டி, ஒரு எறும்புகூட வரல? எறும்பு திங்காதது என்ன கோலம்டி?" என்றாள். பொறாமை என்று நினைத்தேன். "உன் வூட்டு எறும்புக்குப் பசின்னா நீ மாவு போடு" என்று சொல்லி அனுப்பினேன். அந்த வாரத்தில் எங்கள் கோழி மூன்றும் சுருண்டு விழுந்தன. கொள்ளை நோய் என்று புதைத்தோம். எறும்புக்குத் தெரிந்தது, கோழிக்குத் தெரிந்தது. ஐந்தாவது வரை படித்தவளுக்குத் தெரியவில்லை.

உன் அப்பாவுக்கு வெற்றிலை இல்லாமல் வேலை ஓடாது. கையெல்லாம் எண்ணெயாக இருக்கும், அதனால் நான்தான் மடித்து வாயில் வைப்பேன். அரைத்துக்கொண்டிருக்கும்போதே கையை முந்தானையில் ஒரு துடை துடைத்துவிட்டு மடிப்பேன். விரல் நகத்துக்குள் எல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு எது, ஈயம் எது என்று யார் பார்த்தார்கள்? "நீ மடிச்சாத்தாண்டி இனிக்குது" என்பார். மற்ற பெண்கள் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு முகம் சிவக்கும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் இப்படிச் சொல்கிற புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று சாமிக்கு விளக்குப் போடுவேன். வெள்ளை ஈயம் இனிக்கும் என்று எனக்குச் சொன்னவன் நீதான். நீ வேலைக்குப் போன முதல் வருஷத்தில், சாப்பிட உட்கார்ந்தபோது, ஏதோ புதுமை சொல்கிற மாதிரி, "அம்மா, அந்த வெள்ள நாக்குல பட்டா லேசா இனிக்கும், தெரியுமா?" என்றாய். நான் எழுந்து போய்விட்டேன். குழம்பு அடிப்பிடிக்கிறது என்று நினைத்திருப்பாய். குழம்பு இறக்கி வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. பின்கட்டில் நின்று என் பத்து விரலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு முதலில் வயிறு. கயிற்றை முறுக்கிப் பிழிகிற மாதிரி வரும் என்பார். விளக்கெண்ணெய் கொடுத்தேன். பிறகு முகம் வெளுத்தது. பல் ஈறின் ஓரத்தில் கறுப்பும் நீலமுமாக ஒரு கோடு விழுந்தது. வெற்றிலைக் கறை என்று கரியால் தேய்த்துவிட்டேன். அப்புறம் ஒரு காலை. குளித்துவிட்டுத் திருநீறு எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோகிறார். முழங்கை உயர்கிறது, மணிக்கட்டிலிருந்து கை மடங்கித் தொங்குகிறது. திருநீறு மூக்கிலும் நெஞ்சிலும் கொட்டிப்போயிற்று. நான் சிரித்துவிட்டேன். "என்னங்க, அபிநயம் புடிக்கிறீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "கை தூங்குதுடி" என்றார். அது பிறகு விழிக்கவே இல்லை.

இனி எழுதுவது உனக்குத் தெரியாது. உன் அக்காளுக்கும் தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாமலே போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டருக்கு அடுத்தபடியாக நோயாளிகளைப் பார்க்கிற டிரெசர், உன் அப்பாவை இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும். நீட்டினார். இரண்டும் வாடின தாமரைத் தண்டு மாதிரி விழுந்தன. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பிறகு அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மருந்து கொடுக்கிற ஜன்னலண்டை என்னைக் கூப்பிட்டார். "அம்மா, இது வாதம் இல்ல. அந்த வெள்ள உடம்புல ஏறிடுச்சு. இன்னிக்கே வேலய விட்டா ஆறு மாசம், ஒரு வருஷத்துல கை தூக்கும். விடலைன்னா எங்கிட்ட மருந்து இல்ல. அவருட்ட நீங்களே சொல்லுங்க" என்றார். மருந்துப் போத்தலைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். உன் அப்பா மரப்பெஞ்சியில் உட்கார்ந்து, தொங்குகிற கையால் ஈ ஓட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடி சொன்னாரு?" என்றார். "வாயுவாம். குளிர்ந்த தண்ணி ஆகாதாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். வேலைக்கு உதவாதவன் என்று எழுதிவிட்டால் ஊருக்கே கப்பல் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷம் இரண்டு குடும்பத்தை அப்படி அனுப்பியிருந்தார்கள். பொன்னம்மாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். நீ பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்தாய். ஊரில் எங்களுக்கு ஒரு சாண் நிலமும் இல்லை. கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்தது. உன் வருஷப் பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். சொல்வதற்கு ஒரு நாளை வைத்துக்கொண்டே இருந்தேன், அந்த நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. அதற்குள் மறைக்கிற வேலையில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். மூங்கில் சிம்பை மணிக்கட்டுக்கு அடியில் வைத்துத் துணி சுற்றி, சுளுக்கு என்று சொல்லவைத்தேன். தவுக்கே வருகிற நேரத்தில் அவரை உட்காரவைத்து, இரண்டு கைக்கும் மேலாகத் துண்டைப் போட்டுவிடுவேன். கலக்க வேண்டியதையெல்லாம் நானே கலந்தேன். "சாக்கிட் கா?" என்று தவுக்கே கேட்பார். நோவா என்று மலாயில் கேட்கிறார். "சுளுக்கு தவுக்கே, நாளைக்குச் சரியாப் போயிரும்" என்பேன். உன் சித்தப்பா பார்க்க வருகிறேன் என்று எழுதினால், தெருவில் அம்மை என்று பதில் போடுவேன். அடுத்த மாதம் வீட்டுப் பலகை மாற்றுகிறார்கள் என்பேன். பொன்னம்மா கல்யாணத்துக்குப் படம் எடுத்தபோது அவர் மடியில் வெற்றிலைத் தட்டை வைத்து, துண்டை விரித்து, கை தெரியாமல் செய்தது யார்? பக்கத்தில் நின்ற நீ, "ஏம்மா துண்ட அங்க போடுற?" என்றாய். "அழகுக்கு" என்றேன். சித்தப்பாவுக்கு, தவுக்கேவுக்கு, பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உன் காதில் ஓதிவைத்தேன். நீ தப்பில்லாமல் சொன்னாய். புத்திசாலிப் பிள்ளை.

பதினான்கு மாதம் அப்படி ஓட்டினோம். கடைசியில் அவருக்கு நினைவு தப்பி, என்னையே யார் என்று கேட்டுக்கொண்டே கண்ணை மூடினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், உன்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு தவுக்கேயிடம் போனேன். வீடு வேலையோடு கட்டினது அல்லவா? வேலைக்கு ஓர் ஆள் வேண்டும். "இவங்கப்பா கை இவனுக்கு வந்திருக்கு, தவுக்கே" என்றேன். என் வாயால் சொன்னேன், மாணிக்கம். எந்த வாயால் டிரெசர் சொன்னதை முழுங்கினேனோ, அதே வாயால்.

நீ என்னைவிடக் கவனமானவன், வெள்ளையைப் படித்துத் தெரிந்துகொண்டவன் என்று நம்பியிருந்தேன். நாக வெள்ளை, ஜிங்க் என்கிறார்களே, அது ஆளைக் கொல்லாது, ஆனால் மூன்று பூச்சு பூசினால்தான் கரி மறையும், அதனால் ஆட்கள் திட்டுகிறார்கள் என்று நீதான் எழுதினாய். அந்தப் பொடியைத்தான் ரப்பரில் சேர்க்கிறார்கள் என்றும், பொன்னம்மா பாலோ கடையில் வாங்கிய செல்லுலாயிட் சீப்பு தந்தம் மாதிரி இருப்பது அப்படிப்பட்ட ஒரு வெள்ளைப் பொடி உள்ளே வெளிச்சத்தை விடாமல் அடைப்பதால்தான் என்றும் எழுதினாய். தங்கராசு அந்தச் சீப்பைத் தேய்த்துத் தேய்த்து, கற்பூர வாசம் வருகிறது என்று ஊரெல்லாம் காட்டினான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புது வெள்ளை வந்தது என்று எவ்வளவு சந்தோஷமாக எழுதினாய்! டைட்டானியமோ என்னவோ, என் வாயில் நுழையவில்லை. "ஒரே பூச்சில் கரிப் பட்டை போன இடம் தெரியவில்லை அம்மா, நாக்கில் வைத்தாலும் இனிக்கவில்லை" என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நான் பூசை மாடத்தில் வைத்தேன். அடுத்த கடிதத்தில், அந்த டின் பெரிய பங்களாக்களுக்கு மட்டும்தான், தவுக்கே அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார், மற்றதற்கெல்லாம் பழைய ஈயம்தான் என்று எழுதினாய். நல்லது இருக்கிறது, பூட்டுக்குள் இருக்கிறது. நாம் இருக்கிற இடத்தில் எல்லாமே அப்படித்தான்.

இப்போது கமலத்தின் கையெழுத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஆடி வரைக்கும் உன் கடிதம் உன் கடிதமாக இருந்தது. கோழி கிளறின மாதிரி. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அழகாக இருக்கிறது. கோழிக் கிறுக்கலைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள், பாவம், ஆனால் ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் கை தன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறது. கோடு போட்ட நோட்டில் எழுதிப் பழகின கை. "நான் சௌக்கியம், வேலை அதிகம், அதனால் வர முடியவில்லை" என்று ஒன்பது வயதுப் பெண், அப்பா மாதிரி எழுதுகிறாள். எனக்கு எழுதின காரணங்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். தை மாதம் தெருவில் அம்மை. பங்குனியில் வீட்டுப் பலகை மாற்றுகிறார்கள். இதையெல்லாம் நீ எங்கே கற்றாய் என்று நான் கேட்க வேண்டுமா?

மாப்பிள்ளையை அனுப்பினேன். போய்விட்டு வந்து, "மச்சான் நல்லாத்தான் இருக்காரு அத்தே" என்றார். "முகம் எப்பிடி இருக்கு?" என்றேன். "கொஞ்சம் வெளுத்திருக்காரு. வெள்ளக் கொட்டாயில இருக்கிற மனுசன் வெளுக்காம கறுக்கவா செய்வாரு?" என்றார். "தேத்தண்ணி யார் ஊத்துனது?" "கமலம்தான் ஊத்துச்சு. அவங்கப்பாவுக்குக்கூட அதுதான் கெளாசப் புடிச்சுக் குடுத்துச்சு. எவ்ளோ பாசம், அத்தே!" என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தண்டவாளம் சோதிக்கிற வேலை நம் மாப்பிள்ளைக்கு, மயிரிழை விரிசல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. மனுஷன் விஷயத்தில்தான் இப்படி.

தீபாவளிக்கு நீ அனுப்பிய படத்தை இங்கே எல்லோரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். "கமலம் வளந்துட்டா பாரு" என்றாள் பொன்னம்மா. வளர்ந்துதான் விட்டாள். வளர்ந்த பெண்ணை மடியில் உட்காரவைத்து யாராவது படம் எடுப்பார்களா, மாணிக்கம்? அவள் கால் இரண்டும் தரையைத் தொடுகின்றன. அவள் மடியிலிருந்து உன் முழங்கை வரைக்கும் ஒரு துண்டு விரித்திருக்கிறது. சரிகைத் துண்டு. அழகுக்கு. எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் துண்டைப் பார்த்தேன். நான் போட்ட மாதிரியே மூன்று மடிப்பு.

நான் ரயிலேறி வந்திருப்பேன். உன் ஊருக்குப் போகிற ரயில் இந்த வீட்டு ஜன்னலுக்கு முன்னால்தான் போகிறது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து என் இடுப்பு ரயில் படி ஏறாது. பொன்னம்மா பச்சை உடம்புக்காரி. அவளுக்கு இந்த ஆறு மாதமாக ஒன்றும் சொல்லவில்லை, முதலில் வயிற்றுப் பிள்ளைக்காரி என்று, இப்போது பால் வற்றிவிடும் என்று. பார்த்தாயா, இன்னும் நான் மறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வீடும் மாப்பிள்ளை வேலையோடு கட்டினதுதான். ரப்பர் விலை விழுந்து கிடக்கிற இந்தக் காலத்தில் உனக்கு ஒரு வேலைக்கு மாப்பிள்ளை எங்கெங்கோ கேட்டுப் பார்த்தார். ஸ்டேஷனில் விளக்கேற்றுகிற வேலைகூட இல்லை. அதனால் உனக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். சாக்குகளை ஒதுக்கினால் ஒரு பின்னறை இருக்கிறது. தண்டவாள ஓரத்தில் மரவள்ளி போட்டிருக்கிறோம். அவ்வளவுதான். ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்குத்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். ஆனால் இந்தக் கூட்டில் வெள்ளை ஈயம் இல்லை.

கப்பலுக்குப் பயப்படுகிறாய். தெரியும். நீயும் உன் மனைவி செல்லம்மாவும் கமலமும் கடலுக்கு அப்பால் இருக்கிற நம் ஊரை மனத்தாலும் நினைத்ததில்லை. நானும் பயந்தேன். அந்த வருஷம் கப்பலேறிப் போன இரண்டு குடும்பத்தில் ஒன்று அஞ்சலையுடையது, கோலத்தைக் குந்திப் பார்த்தாளே, அவள். அங்கே போய்ப் பட்டினியும் பார்த்தாள், பேரனும் பார்த்தாள். இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுகிறாள். உன் அப்பா ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

கொட்டகையில் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். காய்ந்த பூச்சைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசி கிளம்பாது. கொட்டகைக்குள் சோறு பிரிக்காதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். உங்கள் பெண்டாட்டி வெற்றிலை மடித்துக் கொடுத்தால், முதலில் அவள் கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். அவள் முகம் சுருங்கினால் பரவாயில்லை.

உனக்கு மட்டும் ஒன்று. டிரெசர் என்னிடம் சொன்னதை, இத்தனை வருஷம் கழித்து, சொல்ல வேண்டிய ஆளின் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். இன்றைக்கே விட்டால் கை தூக்கும். இது தெரியாது என்று இனி நீ சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை என்று இருக்க முடியாது. செல்லம்மாவைக் கோபிக்காதே. அவள் நான் செய்ததைத்தான் செய்கிறாள், அன்பினால்தான் செய்கிறாள்.

எனக்குப் புதிதாக ஒரு படம் வேண்டும். மடியில் பிள்ளை வேண்டாம், துண்டும் வேண்டாம். நின்றுகொண்டு எடு. இரண்டு கையையும் நேராக முன்னால் நீட்டு, உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். ஸ்டூடியோக்காரர் சிரித்தால், அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல். கை நேராக நின்றால் நான் பைத்தியக்காரி என்று இதே பத்திரிகையில் எழுதுகிறேன், உன் காலில் விழுந்து மன்னிப்பும் கேட்கிறேன். நிற்கவில்லை என்றால், விழுந்த கையோடே எடு. படம் கிடைத்த அன்று மாப்பிள்ளை உன்னை அழைத்துவர ரயிலேறிவிடுவார், பின்னறையில் சாக்குகளை ஒதுக்கிவைத்துவிட்டேன். படத்தை உடனே தபாலில் போடு. உறையின் மேலே முகவரியைக் கமலம் எழுதட்டும். அப்பா மாதிரி வேண்டாம் என்று சொல். அவள் கையெழுத்தில் எழுதட்டும்.

உன் அம்மா